மனம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

“மனம் சரியில்லை.” இதைச் சொல்லாத பெண் நம்மிடையே இருக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மனம் சரியில்லை. வெளிநாட்டிலிருக்கும் கணவரின் தொலைபேசி இரண்டு நாள் வராவிட்டால் மனம் சரியில்லை. சீட்டுக் காசு கட்ட வழியில்லாவிட்டால் மனம் சரியில்லை. பெரும்பாலும் காரணம் நீங்கியதும் மனம் தானாகவே எழும்பிவிடும். சில வேளைகளில் காரணம் நீங்காவிட்டாலும், ஒரு நல்ல தூக்கத்தின் பின் எழும்பிவிடும்.

எழும்பாமல், விழுந்த இடத்திலேயே கிடக்கும் மனத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நான் வைத்தியரும் அல்ல, உளவளத்துணையாளரும் அல்ல. கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதியவள். ஆனால் ஏழு மாதங்கள் அப்படிக் கிடந்து எழும்பியவள். எழும்பிய விதத்தைச் சொன்னால் இதை வாசிக்கும் ஒரு சகோதரிக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

அம்மாவோடு போன நேரங்கள்

2014ஆம் ஆண்டு ஆனி மாதம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் இயங்காமல் போயிற்று. அண்ணாமார் இருவரும் கனடாவில். வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். மணமாகாதவள். வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருந்தேன்.

பாரிசவாத நோயாளியைப் பராமரித்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று எழும்புவேன். காலை ஆறரைக்குப் பிறசர் குளிசை. ஏழரைக்குக் கஞ்சி. விழுங்குவது கடினம் என்பதால் ஒரு கோப்பை கஞ்சி பருக்க முக்கால் மணித்தியாலம் செல்லும். பிறகு உடம்பு துடைத்தல், கை காலுக்குப் பயிற்சி, உடுப்புத் தோய்த்தல். என் நாள் முழுவதையும் அம்மாவின் உடம்பே பிரித்துத் தந்தது.

2017 ஆவணியில் அம்மா காலமானார். எட்டுச் செலவு முடிந்தது. அந்தியேட்டிக்குக் கீரிமலை போய் வந்தோம். வந்த உறவினர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணாமாரும் விமானம் ஏறினார்கள். “தங்கச்சி, நீ எவ்வளவு கஷ்டப்பட்டிட்டாய். இனியாவது ஆறுதலா இரு” என்று பெரியண்ணா சொல்லிவிட்டுப் போனார். அன்போடுதான் சொன்னார். ஆனால் ஆறுதலாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். எழும்பி அம்மாவின் கட்டிலடிக்குப் போய் நிற்பேன். கட்டில் வெறுமையாக இருக்கும். பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. விடிந்ததும் எழும்ப மனமில்லை. யாருக்காக எழும்புவது? கஞ்சி வைப்பதற்கு யாரும் இல்லை. எனக்காக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்று தோன்றும். ஒரு பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக நாள் போகும். தலை வாருவது நின்றது. முற்றம் கூட்டுவது நின்றது. கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று யாரும் சொல்ல வந்தால், உள்ளே இருந்துகொண்டு இல்லாததுபோல் இருந்துவிடுவேன்.

அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். முதல் மாதத்தில் அழுதேன். பிறகு அழுகையும் வரவில்லை. எதுவுமே வரவில்லை என்பதுதான் சரி. சாமான் வாங்கப் போனால் எதற்கு வந்தேன் என்று மறந்து நிற்பேன். பத்திரிகையில் ஒரு பந்தியை மூன்று தரம் வாசித்தாலும் தலைக்குள் ஏறாது. நெஞ்சுக்குள் ஏதோ பாரம் வைத்தது போலவும், அடிக்கடி பெருமூச்சு விட வேண்டும் போலவும் இருக்கும்.

விளக்கு எரியாத இரண்டு நாட்கள்

2018 பங்குனி மாதத்தில் ஒருநாள் மாலை, விளக்கேற்றும் நேரம். எழும்பவில்லை. இருளுக்குள் இருந்தபோது, “இனி நான் இருந்து யாருக்கு என்ன?” என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்தபோது எனக்குப் பயம்கூட வரவில்லை. பல மாதங்கள் கழித்து அதை நினைத்துப் பார்த்தபோதுதான் உடம்பு நடுங்கியது.

மறுநாளும் விளக்கு ஏற்றவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு மாமி வந்தார்.

“என்ன பிள்ளை, ரெண்டு நாளா விளக்கைக் காணேல்லை?”

“ஒண்டுமில்லை மாமி. கொஞ்சம் அலுப்பு.”

மாமி என் முகத்தைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. “நாளைக்கு எனக்குப் பிறசர் கிளினிக். தனியப் போகப் பயமாக் கிடக்கு. எனக்குத் துணைக்கு வாறியோ?” என்று கேட்டார்.

பத்து வருடமாகத் தனியாகக் கிளினிக்குக்குப் போய் வந்தவர் அவர். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. ஒருவர் உதவி கேட்கிறார், மறுக்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். “தலையை வாரிக்கொண்டு ஏழு மணிக்கு வெளிக்கிட்டு நில்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்தோம். மாமியின் முறை வந்தபோது என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். “டொக்டர், என்ரை பிறசர் கிடக்கட்டும். இந்தப் பிள்ளையைப் பாருங்கோ” என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் டொக்டர் “எத்தனை மணிக்கு நித்திரை முழிக்கிறனீங்கள்?” என்று கேட்டதும், ஏழு மாதமாக வராத அழுகை வந்தது.

மனம் சோர்ந்த ஒருவரிடம் “ஏதும் உதவி வேணுமோ?” என்று கேட்டால், “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். மாமி எனக்கு உதவி தருவதாகச் சொல்லவில்லை. என்னிடம் உதவி கேட்டார். இதை உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது ஒருநாள் பயன்படுத்திப் பாருங்கள்.

முதலில் இரத்தப் பரிசோதனை

டொக்டர் முதலில் செய்தது இரத்தப் பரிசோதனை. குருதிச்சோகை இருந்தது. பிஸ்கட்டும் பிளேன்டீயும் தின்றவளுக்கு வேறென்ன இருக்கும்? தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் களைப்பும், மந்தமும், மனச்சோர்வும் வரலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது. இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள்.

மனம் சரியில்லாதபோது கோயிலுக்குப் போகிறோம், நேர்த்தி வைக்கிறோம், சாத்திரம் கேட்கிறோம். அவற்றில் ஆறுதல் கிடைத்தால் நல்லதே. அதோடு இரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உடம்பில் உள்ள குறை மனக்குறையாகத் தோன்றுவதுண்டு.

பின் அதே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததும் காலெடுத்து வைக்கத் தயங்கினேன். ஊரார் கண்டால் என்ன நினைப்பார்கள்? உள்ளே போனால் நான் படிப்பித்திருக்கக்கூடிய வயதில் ஒரு பெண், உளவளத்துணையாளர். “வாங்கோ அக்கா, இருங்கோ” என்றார். என் கதை முழுவதையும் கேட்ட பின் அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

“அக்கா, உங்களுக்கு அம்மாவும் இல்லை, அம்மா தந்த நேர அட்டவணையும் இல்லை. அம்மாவைத் திருப்பித் தர எங்களாலை ஏலாது. அட்டவணையைத் திருப்பிச் செய்யலாம்.”

துக்கம் என்பது அலைபோல் வந்து போவது, இடையிடையே ஒரு பழைய நினைவுக்குச் சிரிக்கவும் முடியும் என்று அவர் விளக்கினார். மனச்சோர்வு நோய் அப்படியல்லவாம். பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்தே இருக்கும். முன்பு விரும்பிய எதிலும் விருப்பம் இராது. நித்திரை, பசி, கவனம், உடற்சக்தி எல்லாம் குழம்பும். “நான் உதவாதவள்” என்ற எண்ணம் வரும். இப்படி இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நான் காட்டியது ஏழாவது மாதத்தில்.

ஒரு கொப்பியும் பத்துப் புள்ளிகளும்

அவர் எனக்குத் தந்த முதல் வேலை மிக எளியது. 80 பக்கக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல்கள் கோட வேண்டும். முதலாவதில் நேரம். இரண்டாவதில் அந்த நேரத்தில் செய்தது. மூன்றாவதில் அப்போதைய மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி. “ஒண்டையும் மாத்த வேண்டாம். ஒரு கிழமைக்கு எழுதிக்கொண்டு மட்டும் வாங்கோ” என்றார். கணக்கு எழுதிய கை என்பதால் இது எனக்குக் கடினமாகத் தெரியவில்லை.

அந்த முதல் வாரத்தின் பக்கங்கள் இன்னமும் என்னிடம் இருக்கின்றன. காலை 9 மணி, கட்டிலில் கிடந்தேன், புள்ளி 2. பகல் 11 மணி, விறாந்தையில் இருந்து அம்மாவின் கடைசி இரவை யோசித்தேன், புள்ளி 1. மாலை 4.30, செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றினேன், புள்ளி 4. வெள்ளிக்கிழமை, மாமியோடு இருந்து முருங்கையிலை உருவினேன், புள்ளி 5.

நாள் முழுவதும் ஒரே இருட்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொப்பி அப்படிச் சொல்லவில்லை. சும்மா கிடந்த நேரங்களில் 1, 2. கை ஏதாவது செய்த நேரங்களில் 3, 4. இன்னொருவர் பக்கத்தில் இருந்தபோது 5. என் கையெழுத்தில் இருந்தபடியால் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம், ஒவ்வொரு நாளுக்கும் மூன்று வேலைகளை முன்கூட்டியே எழுத வேண்டும் என்றார். உடம்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மனிதரோடு ஒன்று. நான் உற்சாகத்தில் வீடு முழுவதும் கழுவுவது, மூன்று மைல் நடப்பது, பழைய சிநேகிதிகள் எல்லோருக்கும் போன் எடுப்பது என்று எழுதிவிட்டேன். முதல் நாளே ஒன்றும் முடியவில்லை. “இதற்கும் நான் உதவாதவள்” என்று அழுதுகொண்டு படுத்தேன்.

அடுத்த சந்திப்பில் அவர் சிரித்தார். “எல்லாத்தையும் பாதியாக்குங்கோ. பிறகு அதையும் பாதியாக்குங்கோ” என்றார். வீடு முழுவதும் என்பது முன்விறாந்தை மட்டும் ஆயிற்று. மூன்று மைல் என்பது படலையிலிருந்து சந்திவரை. சிநேகிதிகள் எல்லோரும் என்பது, வேலிக்குள்ளால் மாமியிடம் ஒரு வார்த்தை. அத்துடன் ஒரு நிபந்தனை: எந்த வேலையானாலும் ஐந்து நிமிடம் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்தின் பின் மனம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், அன்றைக்கு அது வெற்றிதான்.

விளக்குமாறைக் கையில் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வைத்த நாட்கள் சில. பெரும்பாலான நாட்களில் விறாந்தை முடிந்து முற்றத்துக்கும் இறங்கிவிடுவேன்.

மனம் முன்னாலா, வேலை முன்னாலா?

மனம் வந்தால் செய்வேன் என்பதுதான் நாம் எல்லோரும் பழகிய வழி. சாதாரண நாட்களில் அது சரிவரும். சோர்ந்த மனம் மட்டும் வராது. வராதபடியால் செய்வதில்லை. செய்யாதபடியால் மகிழ்ச்சி தரும் எதுவும் நடப்பதில்லை. நடக்காதபடியால் மனம் இன்னும் தாழ்கிறது. செக்கு மாடு சுற்றுவதுபோல இது சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தச் சுற்றை மனத்தின் பக்கத்திலிருந்து அறுப்பது கடினம். கையின் பக்கத்திலிருந்து அறுக்கலாம். முதலில் கை செய்யட்டும், மனம் ஆறுதலாகப் பின்னால் வரும்.

இது ஒருவருடைய தனிப்பட்ட அபிப்பிராயம் அல்ல. 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லெவின்சன் மனச்சோர்வை இந்தக் கோணத்தில் விளக்கினார். 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவரது குழுவினரும் செய்த ஆய்வில், எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் நீண்ட சிகிச்சையளவுக்கு, செயல்களை மட்டும் கூட்டும் இந்தப் பகுதியும் பலன் தந்தது. நமக்கு அண்மையில், இந்தியாவின் கோவா மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஓரளவு கடுமையான மனச்சோர்வு முதல் கடுமையான மனச்சோர்வு வரை உள்ளவர்கள் அவர்கள். துணைசெய்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். வழமையான பராமரிப்போடு இதையும் பெற்றவர்கள் கூடுதலாகக் குணமடைந்தார்கள் என்று 2017இல் ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது.

நான் கண்டறிந்த சில சின்ன விடயங்களையும் சொல்கிறேன். இரவு நித்திரை வந்தாலும் வராவிட்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புவது நித்திரையைச் சீராக்கியது. எழும்பியதும் வீட்டுக்குள் இராமல் முற்றத்து வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். பகலில் படுத்தால் அன்றிரவு நித்திரை இல்லை. மூன்று நேரமும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பசியில்லாவிட்டாலும் அரைக் கோப்பை. நடக்கப் போவதற்கு ஒரு காரணம் வைத்துக்கொண்டால் போவது இலகு. சந்தியில் மீன்காரர் வரும் நேரத்தை நான் காரணமாக வைத்துக்கொண்டேன்.

யோசனை

எங்கள் ஊரில் மனச்சோர்வு என்ற சொல்லை யாரும் பாவிப்பதில்லை. “அவ சரியான யோசனை” என்பார்கள். ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் ஷோனா மொழி பேசும் மக்களும் ‘அதிகமாக யோசித்தல்’ என்றுதான் இதைச் சொல்கிறார்களாம். அங்கே 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர், சுகாதார நிலையத்துக்கு வெளியே மரநிழலில் ஒரு வாங்கு போட்டு, ஊரிலுள்ள பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, யோசனை பிடித்தவர்களோடு இருந்து பேச வைத்தார். 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தபோது, அந்தப் பாட்டிமாரின் வாங்கில் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டபோது வேலிப் பொட்டுக்குள்ளால் வந்த மாமிதான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

என் யோசனை ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு மூச்சுத்திணறல் தொடங்கிய அந்த இரவு, விடியும்வரை பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்? இதை நாளுக்கு நூறு தரம் யோசித்தேன். உளவளத்துணையாளர் “யோசிக்காதேங்கோ” என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் யோசனை என்றால் என்னவென்று அறியாதவர்கள். மாலை நான்கரை தொடக்கம் ஐந்து மணிவரை யோசனைக்கென்று ஒதுக்கச் சொன்னார். மற்ற நேரத்தில் வந்தால், “நாலரைக்கு வா” என்று சொல்லிக் கொப்பியில் ஒரு வரி குறித்துவிட வேண்டும். நாலரைக்கு இருந்து, “இந்த யோசனையால் இன்று நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா?” என்று எழுத வேண்டும். உண்டென்றால் செய்வது. இல்லையென்றால் எழுதிக் கொப்பியை மூடுவது. சில வாரங்களில், நாலரை வரும்போது யோசிக்க அதிகம் இருக்கவில்லை.

பின்னொரு நாள், “அந்த ஒரு இரவைப் பற்றி எழுதிப்போட்டீங்கள். மற்ற இரவுகளையும் கணக்குப் பாருங்கோ” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 1,150 நாட்களுக்கு மேல். ஓர் இரவுக்கு நான்கு தரம் எழும்பியிருந்தால் 4,600 தரம். இவ்வளவு காலமும் அம்மாவின் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. கிளினிக் தாதி ஒருவர் அதை வியந்து சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் நன்றாக அழுதேன். கொப்பியில் அந்த மாலைக்கு 6 என்று எழுதியிருக்கிறேன்.

குளிசை பற்றிய பயம்

எனக்கு மருந்தும் தந்தார்கள். “பைத்தியத்துக்குக் குடுக்கிற குளிசை, பிறகு விடேலாது” என்று சிலர் பயமுறுத்தினார்கள். நான் டொக்டரிடமே கேட்டேன். மனச்சோர்வுக்கு இப்போது வழமையாகத் தரும் குளிசைகள் போதைபோல் அடிமையாக்குபவை அல்ல என்று விளக்கினார். எடுத்த உடனே பலன் தெரியாது. சில வாரங்கள் செல்லும். ஆரம்பத்தில் வயிற்றுப் பிரட்டு, தலையிடி வரலாம். சுகம் வந்ததும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வது வழமை. பிறகு வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார். எனக்கு அப்படித்தான் குறைத்து நிறுத்தினார்கள். பிறசருக்குக் குளிசை எடுப்பதற்கு வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? இலேசான மனச்சோர்வுக்குக் குளிசை இல்லாமலும் சுகம் வரும். யாருக்கு வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

கொப்பி போதாத இடங்கள்

எல்லாவற்றையும் கொப்பியால் தீர்க்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் தாமதிக்கவே கூடாது.

வாழ்ந்து பயனில்லை, செத்தால் நல்லது என்ற எண்ணம் வந்தால், அதை அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடவும் வேண்டாம். அவரிடம் நேரே கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். கேட்டால் பாரம் குறையும்.

பிள்ளைப்பேற்றின் பின் முதல் சில நாட்களில் அழுகை வருவது பலருக்கும் உள்ளது. அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் நிறையைப் பார்க்க வருபவர், தாயின் மனத்தையும் கேட்கக் கடமைப்பட்டவர். தாய்க்கு நித்திரையே இல்லாமல், இல்லாதவை காதில் கேட்பதாகச் சொன்னால் அது அவசர நிலை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் அடி உதை படும் பெண்ணின் மனம் சோர்வது அவளுடைய மனத்தின் குற்றம் அல்ல. அவளிடம் முற்றம் கூட்டு, நட என்று சொல்வது நியாயமில்லை. முதலில் அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும். பெண்களுக்கான தேசிய உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடலாம்.

மீண்டும் வந்தபோது

2018 ஐப்பசியளவில் கொப்பியில் 6, 7 என்ற புள்ளிகள் வழமையாகிவிட்டன. அந்த நேரம் எங்கள் மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கு பல மாதங்களாக எழுதப்படாமல் கிடப்பதாக மாமி வந்து சொன்னார். இம்முறையும் அது ஒரு தந்திரமாக இருக்கலாம். ஆனால் கணக்கு உண்மையாகவே குழம்பித்தான் கிடந்தது. புதன்கிழமைகளில் போய் எழுதத் தொடங்கினேன். இன்றும் எழுதுகிறேன்.

முற்றாகச் சுகமாகிவிட்டதா என்று கேட்டால், அம்மாவின் திவசம் வரும் மாதத்திலும், மழை விடாமல் பெய்யும் மார்கழி நாட்களிலும் மனம் தாழத்தான் செய்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, சங்கமும் இல்லை, மீன்காரரும் இல்லை, வெளியில் இறங்கவும் வழியில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, தலை வாராமல் கட்டிலில் கிடப்பதைக் கவனித்தேன். அடையாளம் தெரிந்தது. முன்பு அது தெரியாமல் ஏழு மாதம் போயிற்று. இம்முறை எழும்பிப் புதிய கொப்பி ஒன்றில் மூன்று நிரல்கள் கோடினேன். உடம்புக்கு, முற்றத்தைச் சுற்றிப் பத்து நடை. வீட்டுக்கு, ஒரு பாத்திக் கீரை. மனிதரோடு, வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மாமியுமாகக் கதிரை போட்டு மாலைத் தேநீர். மே மாதத்தில் கீரை பிடுங்கினோம்.

அம்மா இல்லாத வீடு இன்றும் அம்மா இல்லாத வீடுதான். அந்த இழப்பு போகவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்தால் இப்போது கட்டிலடிக்குப் போய் நிற்பதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன். பெரும்பாலும் நித்திரை வந்துவிடுகிறது.

அன்புச் சகோதரிகளே, இதை வாசிக்கும் நீங்கள் இப்போது அப்படி ஒரு சோர்வில் இருந்தால், முழு வாழ்க்கையையும் சீராக்க நினைக்காதீர்கள். ஐந்து நிமிட வேலை ஒன்றை இன்றைக்குத் தெரிவுசெய்யுங்கள். மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் கடந்தும் இருள் விலகவில்லையென்றால் வைத்தியரிடம் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்.

நீங்கள் நல்ல சுகத்தோடு இருப்பவரென்றால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலை பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.